செங் ஹோ கொண்டுவந்த தமிழ்க் கல்

கிந்தா பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குக் கடல் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்தான். லகாட்டில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் சுண்ணாம்பு மலை, ஈயம் எடுத்து முடித்த குட்டை, ஒரு காலத்தில் பால்மரம் நின்று இப்போது வீடுகளாகவும் செம்பனையாகவும் மாறிப்போன நிலம். சின்ன வயதில் எங்களுக்குத் தெரிந்த ஒரே கப்பல், பத்து காஜா பக்கம் குட்டையில் கிடந்த ஈயக் கப்பல். 1938-ல் கட்டப்பட்ட அந்தத் தஞ்சோங் துவாலாங் 5 என்ற இயந்திரம் 1982-ல் ஈயம் வாருவதை நிறுத்தியது. இப்போது சுற்றுப்பயணிகள் ஏறிப் பார்க்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊர்க்காரிக்கு, 600 ஆண்டுகளுக்கு முன்பு கடலில் ஏழு முறை போய்வந்த ஒரு சீனத் தளபதியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் ஓராண்டாக ஓடிய ஒரு வாக்குவாதத்துக்குள் அவர் வந்து உட்கார்ந்துகொண்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

வாக்குவாதம் இந்த நாட்டில் பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமானது. தம்பி மகளை முதலாம் ஆண்டுக்கு எந்தப் பள்ளியில் சேர்ப்பது? தமிழ்ப்பள்ளியா, சீனப்பள்ளியா? தம்பி ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். சீனமொழி தெரியாததால் கூட்டங்களில் பாதி பேச்சு தன் தலைக்கு மேலே போய்விடுகிறது என்பது அவன் குறை. "நான் பட்டது போதும் அக்கா. அவளாவது பட வேண்டாம்" என்பான். அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டோடு நின்று, பால் மரத்துக்குப் போனவர். இன்றும் காலையில் தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்புவரை ஒரு வரி விடாமல் படிப்பார். அவருடைய வாதம் ஒரே ஒரு வாக்கியம்: "நாளைக்கு பேப்பர்ல என் படம் வந்தா, கீழ என்ன எழுதியிருக்குன்னு என் பேத்தி படிக்க வேணாமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? தம்பி எழுந்து வெளியே போய்விடுவான்.

இந்தச் சூடு ஆறாத நாளில்தான், பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் மலாக்கா போனோம். ஜோங்கர் தெருவுக்குப் பக்கத்தில், ஹாங் ஜெபாட் சந்தில், செங் ஹோ பண்பாட்டு அரும்பொருளகம் இருக்கிறது. பழைய கடைவீடுகளை ஒன்றாக இணைத்து அமைத்த கட்டடம். வெளியே ஜோங்கர் தெருவின் கூட்டமும் செண்டோல் கடையும். உள்ளே போனால் மாடிப்படிகளும் கப்பல் மாதிரிகளும் பீங்கானும் பழைய கிணறும். செங் ஹோவின் ஆட்கள் மலாக்காவில் கட்டிய பண்டகசாலை இந்த இடத்தில்தான் இருந்தது என்பது அதை நிறுவியவர்களின் நம்பிக்கை.

பண்டகசாலை இருந்ததற்கு எழுத்துச் சான்று உண்டு. செங் ஹோவோடு மொழிபெயர்ப்பாளராகப் பயணம் செய்த மா ஹுவான் அதை எழுதி வைத்திருக்கிறார். மதில்போல மரவேலி, நான்கு வாசல்கள், முரசு வைத்த காவல் கோபுரங்கள், இரவில் மணி அடித்துக்கொண்டு ரோந்து. உள்ளே இன்னொரு வேலி, அதற்குள் கிடங்குகள். வெவ்வேறு நாடுகளுக்குப் பிரிந்து போன கப்பல்கள் திரும்பி மலாக்காவில் ஒன்றுசேரும். சரக்கைக் கட்டி ஏற்றிவிட்டு, தெற்கிலிருந்து வீசும் பருவக்காற்றுக்காகக் காத்திருக்கும். காற்று திரும்பியதும் சீனாவை நோக்கிப் புறப்படும்.

செங் ஹோவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1371-ல் யுன்னான் மாநிலத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பப் பெயர் மா. அப்பாவும் தாத்தாவும் ஹஜ் போய் வந்தவர்கள். மிங் படை யுன்னானைப் பிடித்தபோது சிறுவனாக இருந்த அவரைச் சிறைபிடித்து, ஆண்மை நீக்கி, ஓர் இளவரசனிடம் வேலைக்காரனாக அனுப்பினார்கள். அந்த இளவரசன் 1402-ல் அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்து யோங்லே பேரரசன் ஆனான். கூடவே வளர்ந்த அடிமைப் பையன் பேரரசின் கடற்படைக்குத் தளபதி ஆனான். 1405-ல் முதல் பயணம் புறப்பட்டபோது போனவர்கள் ஏறக்குறைய 27,800 பேர் என்கின்றன சீனக் குறிப்புகள். கொலம்பஸ் 1492-ல் மூன்று கப்பல்களில் ஏறக்குறைய 90 பேரோடு கிளம்பினார் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் அளவு புரியும். மிகப் பெரிய கப்பல்களின் நீளம் 120 மீட்டருக்கு மேல் என்று பழைய நூல் சொல்கிறது. மரத்தில் அவ்வளவு பெரிய கப்பல் கடலில் தாங்குமா என்று கப்பல் கட்டுமானம் தெரிந்தவர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

என் மருமகளுக்கு இதில் எதுவும் முக்கியமில்லை. ஒட்டகச்சிவிங்கி கதைதான் பிடித்தது. 1414-ல் வங்காளத்திலிருந்து ஒரு ஒட்டகச்சிவிங்கி சீன அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்தவர்கள், நல்ல அரசன் ஆளும்போது மட்டும் தோன்றும் 'கிலின்' என்ற தெய்வீக விலங்கு இதுதான் என்று நம்பினார்கள். "கப்பல்ல எப்படி நின்னுச்சு அத்தை? தலை இடிக்காதா?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். 1411-ல் மலாக்காவின் பரமேஸ்வரா தன் மனைவி, மகன், பரிவாரம் என 540 பேரோடு சீனாவுக்கே போய்ப் பேரரசனைப் பார்த்து வந்தார். சயாமின் மிரட்டலுக்கு நடுவே புதிதாக முளைத்த ஒரு சின்னத் துறைமுகத்துக்குப் பெரிய நாட்டின் துணை தேவைப்பட்டது. "பார்த்தியா அக்கா, பரமேஸ்வராவே சீனாக்காரன்கிட்ட போய்த்தான் பொழச்சாரு. அப்பவே அப்படித்தான் லா" என்று சிரித்தான்.

அப்போதுதான் காலி கல்வெட்டைப் பற்றி அவனுக்குச் சொன்னேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அலுவலக வேலையாகக் கொழும்பு போயிருந்தபோது, தேசிய அரும்பொருளகத்தில் அந்தக் கல்லைப் பார்த்தேன். என் தோள் உயரம்கூட இருக்காது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம், முக்கால் மீட்டர் அகலம். மேலே இரண்டு சீன நாகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. வலப்பக்கம் மேலிருந்து கீழாகச் சீன எழுத்து. இடப்பக்கத்தின் மேல்பாதியில் தமிழ். அதற்குக் கீழே பாரசீகம். மூன்றாவது பயணத்தின்போது இலங்கையில் நாட்டுவதற்காகச் செங் ஹோ கொண்டுவந்த கல். அதில் பொறித்திருக்கும் காலம் 1409 பிப்ரவரி. சீனாவிலேயே செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தது என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.

மூன்று மொழியிலும் ஒரே செய்தி இல்லை. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற திருமாலுக்கு. இலங்கையின் தென்கோடியில், இன்று தெவிநுவர என்று அழைக்கப்படும் ஊரில் இருந்த புகழ்பெற்ற கோயில் அது. 1344-ல் அந்த ஊருக்குப் போன இப்னு பதூதா, ஆளுயரப் பொன் சிலையையும் ஆயிரம் பிராமணர்களையும் யோகிகளையும் பற்றி எழுதியிருக்கிறார். 1588-ல் போர்த்துகீசியர்கள் அதை இடித்துவிட்டார்கள்.

மூன்று தெய்வங்களுக்கும் கொடுத்த காணிக்கைப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றேதான். பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, விளக்கு, ஊதுவத்தி, 2,500 கட்டி நறுமண எண்ணெய். யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உலகின் மிகப் பெரிய கடற்படையை வைத்திருந்த பேரரசு, அந்நிய மண்ணில் ஒரு கல்லை நட வந்தபோது, தன் மொழிக்குப் பக்கத்தில் வைக்கத் தேர்ந்தெடுத்த இரண்டு மொழிகளில் ஒன்று தமிழ். எனக்கு அங்கே கண் கலங்கியது என்று சொன்னால் மிகை. பெருமைதான் வந்தது. ஆனால் கல்லின் கதையை முழுதாகப் படித்த பிறகு அந்தப் பெருமையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டேன்.

ஏனென்றால், காணிக்கையோடு வந்த அதே கடற்படை அதே மூன்றாவது பயணத்தில் இலங்கையில் போர் நடத்தியது. அழகேஸ்வரன் என்ற ஆட்சியாளரையும் அவர் குடும்பத்தையும் சிறைபிடித்து, 1411-ல் சீனத் தலைநகருக்குக் கொண்டுபோனது. பேரரசன் பிறகு விடுவித்து அனுப்பினான் என்பது வேறு. 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று பலகையில் எழுதும்போது கப்பலில் இருந்த படைவீரர்களையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். செங் ஹோ மூன்று சாமியையும் கும்பிட்டதில் பணிவும் இருந்திருக்கலாம், கணக்கும் இருந்திருக்கலாம். அந்தத் துறைமுகங்களில் வணிகம் செய்தவர்கள் தமிழிலும் பாரசீகத்திலும் பேசினார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்று நினைத்தவன் அவர்கள் மொழியில் எழுதினான்.

இவ்வளவும் கேட்டுவிட்டுத் தம்பி சொன்னான்: "அப்போ நான் சொல்றதுதானே சரி? தமிழ்ல காசு இருந்துச்சு, தமிழ்ல எழுதினான். இப்போ காசு சீனத்துல இருக்கு. நான் என் பிள்ளைக்கு அதைச் சொல்லித் தரேன்."

அவனைச் சும்மா மடக்கிவிட முடியாது. கல்லை வைத்துத் தமிழ்ப்பெருமை பேசினால், அதே கல்லை வைத்து அவனும் பேசுவான். நான் வேறொன்றைக் கேட்டேன். சீனாவில் அந்தக் கல்லில் தமிழ் எழுத்தை வரைந்து கொடுத்தது யார்? ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர் பெயர் கல்லில் இல்லை. சீனாவில் தமிழர்கள் இருந்தது புதிதும் இல்லை. 1281-லேயே சுவான்சௌ துறைமுகத்தில் ஒரு சிவன் கோயிலுக்காகத் தமிழில் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். குப்லாய் கான் ஆண்ட காலம் அது. வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போய் இருந்தவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்து வைத்திருந்ததால்தான் கல்லில் தமிழ் ஏறியது. பேச மட்டும் தெரிந்திருந்தால் தேனாவரை நாயனாருக்கான காணிக்கையும் சீனத்தில்தான் இருந்திருக்கும்.

தம்பி பதில் சொல்லவில்லை. மகளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.

அரும்பொருளகத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் துக்காங் எமாஸ் சாலை. 1781-ல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அங்கே இருக்கிறது. அதே வரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், அதைத் தாண்டிச் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மலாக்கா செட்டிகளின் பிள்ளையார் கோயில் என்றால் பலருக்குத் தெரியும். மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். காஜா பெராங்கில் அவர்களுடைய கிராமம் இருக்கிறது. வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. போகிக்கு முன்னோருக்குப் படையல் போட்டு அதைப் 'பார்ச்சு' என்கிறார்கள். சாமி நம் சாமி. பொங்கல் நம் பொங்கல். மொழி போய்விட்டது.

கோயில் வாசலில் தம்பிக்கும் எனக்கும் மறுபடி வாக்குவாதம். "மொழி போனாலும் எதுவும் முடிஞ்சு போகல பார்த்தியா? இத்தனை வருஷமா கோயில் நிக்குதே, குடும்பம் நிக்குதே" என்றான். அது உண்மை. நாம் யாரும் அவர்களைவிடக் கூடுதல் இந்துவோ கூடுதல் பக்தரோ இல்லை. "ஆனா அவங்களுக்கு அது நடந்துச்சு. நாம நடக்க வைக்கப் போறோம். ரெண்டும் ஒண்ணா?" என்றேன். அம்மா குறுக்கே வந்து, "கோயில் வாசல்ல சண்டை வேணாம், உள்ள வாங்க" என்று அதட்டினார்.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் தோமே பீரஸ், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதினார். வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். சீனர்களையும் சம்பா நாட்டவரையும் கவனிக்க ஒருவர், தமிழர்களையும் வங்காளிகளையும் கவனிக்க இன்னொருவர், இப்படி. அதைப் படிக்கும்போது எனக்கு லகாட் ஞாபகம் வந்தது. எங்கள் வரிசையில் பக்கத்து வீட்டில் ஒரு ஹக்கா பாட்டி இருந்தார். நாங்கள் எல்லோரும் 'போபோ' என்றுதான் கூப்பிடுவோம். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று துலாங் தட்டில் ஈயம் அரித்தவர். அம்மா விடியற்காலை பால் வெட்டப் போகும்போது அவரும் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்புவார். இரண்டு பேரும் பாதி பாசார் மலாய், பாதி தமிழில் பேசிக்கொள்வார்கள். போபோவுக்கு 'வா, சாப்டியா, காசு இல்ல' தெரியும். அம்மாவுக்கு ஹக்காவில் விலை பேசத் தெரியும், கோபம் வந்தால் திட்டவும் தெரியும். இந்தப் பரிமாற்றத்துக்கு அரும்பொருளகம் கிடையாது.

தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். செங் ஹோவின் கப்பல்களில் என்ன சரக்கு இருந்தது, எத்தனை வைத்தியர்கள் இருந்தார்கள் என்று சீனர்கள் எழுதி வைத்தார்கள். ரஜூலாவின் அடித்தளத்தில் படுத்து வந்தவர்களைப் பற்றி அவரவர் வீட்டில் யாராவது எழுதினால்தான் உண்டு. அம்மா சொல்லும் தோட்டத்துக் கதைகளை எழுத, தமிழ் தெரிந்த ஒரு பேரப்பிள்ளை வேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து ஏன் தேவை என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான். வேலைக்குத் தேவைப்படாமல் போகலாம், நம்மைப் பற்றி எழுதத் தேவைப்படும்.

காலி கல்வெட்டு 1911-ல்தான் வெளியே வந்தது. காலி நகரில் ஒரு பொறியாளர் அதைக் கண்டெடுத்தபோது, அது சாக்கடை மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தது. எழுத்திருந்த பக்கம் கீழே திரும்பியிருந்தது. அதன் மேல் எத்தனை வண்டிகள் ஓடினவோ. புரட்டிப் பார்த்தபோது படிக்க ஆள் இருந்ததால் அது கல்வெட்டு ஆனது. படிக்க ஆள் இல்லாத இடத்தில் அது மூடுகல்தான்.

கடைசியில் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். மருமகள் இந்த ஆண்டு சீனப்பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அது தம்பியும் அவன் மனைவியும் எடுத்த முடிவு. தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியிருக்கலாம் என்று நான் இன்றும் நினைக்கிறேன், அவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரு பிள்ளை குறைந்தால் அது கணக்கில் தெரியும். ஆனால் தம்பி ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டான். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவள் பாட்டி வீட்டில் இருப்பாள், தமிழ் எழுத. வேறு வகுப்பு, பிறந்தநாள் விருந்து, எதற்காகவும் அது தள்ளிப்போகாது. சொல்லித் தருவது நான். மேற்பார்வை அம்மா.

மலாக்கா போகிறவர்கள் ஜோங்கர் தெருவில் செண்டோல் குடித்ததோடு திரும்பிவிடாமல், அந்த அரும்பொருளகத்துக்குப் பிள்ளைகளோடு ஒரு நடை போய் வாருங்கள். ஒட்டகச்சிவிங்கி கதையைச் சொல்லுங்கள். கூடவே, அந்தத் தளபதி ஒரு கல்லில் நம் எழுத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தார் என்பதையும் சொல்லுங்கள்.

மருமகள் உயிர்மெய் தாண்டி, சின்னச் சின்னச் சொற்களுக்கு வந்துவிட்டாள். போன சனிக்கிழமை அம்மாவின் பத்திரிகையில் ஒரு படத்துக்குக் கீழே இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மூன்று நிமிடம் ஆனது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பரவால்ல. இன்னும் நல்லா வேகமா படிக்கட்டும். அதுவரைக்கும் நான் இருக்கேன்."